அடுத்தாள்

பார்த்திப வருஷம், ஆவணி பதினாலு.
படம் எழுதுகிறவருக்கு அச்சாரம், ரூபாய் நாற்பது.
தேவகோட்டை வீட்டுப் பேரேட்டில் இதை எழுதியவன் நான்;
மோல்மீன் கடையில் ஏழு வருஷம் அடுத்தாள்.
முதலாளி அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.
கப்பலில் வந்தவை பெட்டி, கடுக்கன், சாவிக்கொத்து.
முகம் வரவில்லை.

அதைச் செய்துதர வந்தார்
புதுச்சேரி துபாஷி அந்துவானோடு
வாலெரி ஸபோர்ஸ்கி.
இங்கிலீஷ்காரரா? தலையாட்டினார், இல்லை.
ருசியாவா? முற்றத்தில் காறித் துப்பினார்,
உடனே முட்டிபோட்டுக்
கைக்குட்டையால் துடைத்தார்.
எங்கள் வீட்டை மூன்று பங்காளிகள்
பிரித்துக்கொண்டார்கள் என்றார்.
கிணறு யார் பங்கில் என்று
உள்ளேயிருந்து ஆச்சி கேட்டாள்.
துபாஷி அதைச் சொன்னதும்
துரை அன்றைக்கு வேலை செய்யவில்லை.

சிட்டாள் ஆச்சி இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னிருந்து
புருஷனை ஒப்பித்தாள்:
மூக்கு நுனி சற்றே இடப்பக்கம்.
பொய் சொன்னால் ஒற்றைப் புருவம் ஏறும்,
அதை மட்டும் எழுதவேண்டாம்.
அதைத்தான் அவர் முதலில் எழுதினார்.

உடம்புக்கு ஓர் ஆள் வேண்டுமாம்.
என்னை விட்டால் யார்?
முதலாளி கடுக்கன் என் காதில் நிற்கவில்லை,
மெழுகு வைத்து ஒட்டினார்கள்.
பதினோரு நாள், வளவில்,
வெயில் நகர நகர நாற்காலியோடு நானும் நகர்ந்தேன்.
எண்ணெய் வாடையில் சோறு இறங்கவில்லை.
கடன் கேட்டு வந்தவனை நாங்கள் பார்ப்போமே,
அப்படிப் பார்த்தார் என்னை,
கடைசியில் கொடுத்துவிடப் போகிறவர் போல.

என் நடுவிரலில் மைக்கறை.
அழித்துவிடுங்கள் என்றேன்,
முதலாளி கையெழுத்துக்கு மேல் எழுதியதில்லை.
துபாஷி திருப்பிச் சொன்னான்:
"முகத்துக்குத்தான் கூலி வாங்குகிறேன்.
விரல் என்னுடையது."

ஆச்சி படத்தின் முன் வந்து நின்றாள்.
புருவத்தைப் பார்த்தாள்.
விரலைப் பார்த்தாள்.
பிறகு தூணோரம் நின்ற என் கையை.
"முட்டைச் சுண்ணாம்புச் சுவர், ஆணி இறங்காது,
கொத்தனை வரச்சொல்" என்றாள்.

வருஷா வருஷம் படைப்பன்று
இலை போட்டு, புது வேட்டி மடித்து வைத்து
எல்லோரும் விழுந்து கும்பிடுகிறார்கள்.
நானும்தான்.

துரை திருச்சிராப்பள்ளிப் பக்கம் போனதாகக் கேள்வி.
படம் ஒன்றுக்கு நூற்று நாற்பது,
அச்சாரம் கழித்து நூறு.
கொத்தன் கூலி, ஆணி உட்பட எட்டணா.
கை இரண்டு,
இதற்கு எதிரே கோடு இழுத்தேன்.
தொகை போடவில்லை.