பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

முப்பத்து நான்கு யூரோ.
அட்டையில் ஸைமி ஹல்மெதொயா
கன்னத்தில் கைவைத்திருக்கிறாள், எழுபத்தாறு வயதில்,
என்னைத் தெரியாதவள்போல.

கொத்கா துறைமுகத்தில் பஸ் ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் ஓய்வு,
ஒன்பது நிமிடத்துக்கு நாலு பக்கம்.
காப்பி ஆறுவதற்குள் அவள் பிறந்தாள்.
அடுத்த நடையில் அப்பா வீட்டைவிட்டு ஓடிப்போனார்.
பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் நான் ஊர்ந்த அன்று
முதல் கணவன், முதல் இசைத்தட்டு,
இரண்டும் ஒரே வாரத்தில்.

பாதி எனக்குத் தெரிந்ததுதான்.
தெரியாததைப் படிக்கையில்
அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதுபோல் பிடரி கூசியது:
கடன், பொய்முடி, மேடைக்குப் பின்னால் கிராம்பைக் கடித்தபடி பல்வலி.
தாங்கோ பாடும் குரலுக்கும் பல் வலிக்கும் என்று
நாற்பது வருஷமாய் எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆனாலும் விரல் ஒரு கோடையைத்தான் தேடிப் போனது.
எண்பத்து மூன்று, ஜூலை.
ஏரிக்கரை நடன மேடை. தகரக் கூரையில் மழை.
பாட்டின் நடுவே நிறுத்தினாள்.
அக்கார்டியன் மூச்சை அடக்கிக்கொண்டது.
அவள் நேரே என்னைப் பார்த்தாள்.
அடித்துச் சொல்வேன், என்னை.
பஸ் கதவு திறந்து மூடுகிற நேரம், அவ்வளவுதான்.
அந்தப் பார்வையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த்தான்
தௌனோவிடம் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
கனரக ஓட்டுநர் உரிமத்துக்கு எழுதிப் போட்டேன்.
ஏன் என்று அம்மா கேட்டாள், பாதிரியார் கேட்டார்.
ஸைமிக்குத் தெரியும் என்று
மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
"வரி மறந்துபோனது. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டுமே,
மூன்றாம் வரிசையில் ஒரு பச்சைக் கோட்டில் வைத்தேன்.
அதில் ஒரு பொத்தான் குறைந்தது.
மிச்சத்தை எண்ணி முடிப்பதற்குள் வரி திரும்பி வந்தது."
அடுத்த பத்தியில் வருமானவரிக்காரர்கள்.

என் கோட்டு நீலம்.

மழையில் நனைந்த நீலம், மஞ்சள் பல்பின் கீழே
பச்சையாய்த் தெரியாதா?
நிலவறைப் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துக்
குழாயடியில் பிடித்தேன்.
பழைய பல்பு தேடி மூன்று கடை ஏறினேன்.
அந்த மஞ்சள் இப்போது வருவதில்லை என்றான் கடைப்பையன்.
எங்கள் கட்டடத்து சௌனாவில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது,
யாருக்கும் சொல்லாமல் கழற்றி வந்தேன்.
நீலம் நீலமாகவே சொட்டியது.
பொத்தானும் ஐந்துக்கு ஐந்து.

அப்புறம்தான் நினைவு வந்தது.
வந்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
என் இடப்பக்கம் ஹில்க்கா.
பாட்டுக்காக வந்தவளல்ல, சுட்ட சாசேஜுக்காக வந்தவள்.
உதட்டோரம் கடுகு விழுது,
உடம்பில் அவள் அக்காவின் பச்சைக் கோட்டு.

ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை.
வேறொருத்திக்கு வந்த கடிதத்தைப் பிரித்து
அதன்படி வாழ்ந்து முடித்திருக்கிறேன்.
கடிதம்கூட இல்லை, பொத்தான் கணக்கு.
ஆனால் ஒன்று:
தௌனோவையே கட்டியிருக்கலாமோ என்று
அந்த வாரம் ஒரு திருப்பத்தில்கூடத் தோன்றவில்லை.
வண்டி சரியான நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓவுலுவுக்குப் போன் போட்டேன்.
"பச்சைக் கோட்டா? அது ஒழுகும்,
அந்த வருஷமே தூக்கிப் போட்டாயிற்று. எதற்குக் கேட்கிறாய்?"
சொல்லாமலே வைத்திருக்கலாம்.
நாற்பது வருஷம் வைத்திருந்தவள்தானே நான்.
"நீ ஒரு புத்தகத்தில் இருக்கிறாய், ஹில்க்கா"
என்று வாசித்துக் காட்டினேன், பொத்தான் உட்பட.

மறுமுனையில் நெடுநேரம் வானொலிச் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டாள்:
"சாசேஜைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாளா?"

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன்.
இல்லை.