ஐந்தாம் வாரத்துப் படம்

மூச்சைப் பிடியுங்கள் என்று
தொடைக்குச் சொல்லத் தேவையில்லை.
பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.
சேவுகப்பெருமாள் பிடித்துக்கொண்டார்.
விடுங்கள் என்று சொல்ல மறந்து
தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கித்
திரும்பி வருகிறேன்,
முகம் கறுக்கக் கறுக்க
இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சோஹார் துறைமுகத்தில்
நாலாம் தட்டுச் சாரத்திலிருந்து விழுந்தவர்.
முதல் இரவு நான் எடுத்த படத்தில்
இடது தொடையெலும்பு இரண்டு துண்டு,
நடுவே விரல் நுழையும் இருட்டு.
மண்டைக்குள்ளோ வெள்ளையாய் ரத்தம்.
ஹெல்மெட் இருந்ததாம்,
தாடை வார் மாட்டவில்லையாம்.
சூப்பர்வைசர் இதை மூன்று தடவை சொன்னார்,
மூன்று தடவையும் என்னிடம்,
ஏதோ நான்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி.

இன்றைக்கு வந்த படத்தைப் பார்த்து
டாக்டர் ஹிலால் தேதியைச் சரிபார்க்கச் சொன்னார்.
பேரையும்.
மூன்று மாதம் கழித்துக் கூட வேண்டிய எலும்பு
இப்போதே கூடித் திரண்டு நிற்கிறது,
வெட்டுப்பட்ட வேப்பங்கிளையில்
கணு புடைத்த மாதிரி.

தலையிலும் அடிபட்டவர்களுக்கு
இப்படி ஆவதுண்டு என்றார்.
ஏனென்று முழுசாக யாருக்கும் தெரியாதாம்.
மூளை உடைந்தால் ரத்தத்தில் ஏதோ கசிகிறது,
எலும்பு அதைக் கேட்டு
அவசர அவசரமாய்க் கட்டுகிறது.
வேண்டாத இடத்திலும் கட்டுகிறது.
வலது முழங்கையருகே தசைக்குள்
பஞ்சு மாதிரி ஒரு வெண்மை.
அங்கே எலும்புக்கு எந்த வேலையும் இல்லை.

மாடியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
சிஸ்டர் ரோவெனா தினமும் கூப்பிடுவாள்,
ஏதோ கேட்கிறார், வந்து சொல்லேன்.
அவர் கேட்பது ஒன்றேதான்:
பச்சை டேக் போட்டாச்சா?

சாரத்தைச் சோதித்து
ஏறலாம் என்று மாட்டுகிற அட்டை அது.
முதல் வாரம் உண்மையைச் சொன்னேன்.
இது ஆஸ்பத்திரி, அண்ணே, நீங்க விழுந்துட்டீங்க.
ஒவ்வொரு நாளும் புதுசாய் விழுந்தார்.
பிறகு, போட்டாச்சு என்றேன், நிம்மதியாகட்டுமே என்று.
கட்டில் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டார்.
அதிலிருந்து
இன்னும் போடலை, நில்லுங்க, என்கிறேன்.
நிற்கிறார்.
படுத்தபடியே நிற்கிறார்.

காளையார்கோவிலிலிருந்து வீடியோ அழைப்பு.
மகள் மாலதி, ஒன்பது வயது,
பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள்.
யாரு வீட்டுப் பிள்ளை, பாப்பா, என்றார்,
அவ்வளவு அன்பாக.
அவர் மனைவி போனை என் பக்கம் திருப்பச் சொல்லி
கால் எப்படிம்மா இருக்கு என்றாள்.
கால் ரொம்ப நல்லா இருக்கு.
அப்ப மத்ததெல்லாம் சரியாயிரும், என்றாள்.
கேள்வியாகவா சொன்னாள்? தெரியவில்லை.
சிக்னல் போய்விட்டது என்று
நானே போனை அணைத்தேன்.

இன்ஷூரன்ஸ் தாளில்
விளைவு என்ற கட்டத்துக்கு எதிரே
திருப்திகரம் என்று டிக் அடித்திருந்தது.
எலும்புப் பிரிவு அனுப்பிய தாள்.
அதில் பொய்யில்லை.

பத்தாம் வாரம் வாக்கரைத் தள்ளிவிட்டு நடந்தார்.
அந்தக் கால்
அவரைவிட வேகமாய்ப் போனது,
வார்டு தாண்டி, லிஃப்ட் தாண்டி,
அவசரப் படிக்கட்டுவரை.
ரோவெனா கத்திக்கொண்டு ஓடுகிறாள்,
நான் அவளுக்கு முன்னால்.

முதல் படியில் நின்றிருந்தார்.
கைப்பிடிக் கம்பியை
மேலும் கீழும் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும்,
போட்டாச்சா?

ஷிப்ட் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.
வெளியே காற்றில் மீன் வாடையும் டீசலும்.
பதில் சொல்லாமல், ஏனோ,
பைக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
அகப்பட்டது
படத்தில் இடப்பக்கம் எது என்று காட்ட
ஓரத்தில் வைக்கும்
சின்ன ஈய எழுத்து.