குசினிக் கள்ளன்

அமியான் நகரில், வாய்க்காலோரக் கடையொன்றில்
காலை எட்டிலிருந்து லீக்ஸ் கொத்துகிறேன்.
சட்டைப்பையில் சித்தப்பா மகன் ஞானசீலனின் காட்.
அவனுக்கு மூக்கு நீளம். எனக்கில்லை.
முதலாளி இதுவரை மூக்கைப் பார்த்ததில்லை.

சட்டி கழுவும் ஒப்துலியா சமோராக்காரி,
ஊரில் ரீச்சராக இருந்தவள்.
பொரித்த இறாலில் ஒன்றை நான் வாய்க்குள் போடக் கண்டு
"பிகாரோ" என்றாள்.
ஏச்சா, கொஞ்சலா?
இரண்டும்தான் என்றாள், சட்டியைக் கவிழ்த்தபடி.

இடைவேளையில் சிகரெட் புகையோடு விளக்கம் வந்தது.
வெங்காயம் அரிந்தால் பிகார்.
கோழி தானியம் பொறுக்கினால் பிகார்.
குளவிக்கும் பாம்புக்கும் அதே சொல்,
நாக்கில் மிளகாய் பட்டாலும்.
எங்களுக்கும் அப்படித்தான் என்றேன்,
கோழி கொத்தும், பாம்பு கொத்தும்,
ரொட்டியைக்கூட விடமாட்டோம்.

"முதன்முதல் எழுத்தில் அகப்பட்டபோது
அவன் பிகாரோ தெ கொசினா."
குசினியா?
"கொசினா."
அதே குசினிதான்.
போர்த்துக்கீசக் கப்பலில் வந்து
எங்கள் வீட்டுப் பின்பக்கம் இறங்கிக்கொண்டது,
திரும்பிப் போக அதற்கும் பேப்பர் இல்லை.

இன்னொரு கதையும் உண்டாம்.
இந்தப் பிக்கார்டி மண்ணுக்குச் சண்டைக்கு வந்து
சம்பளம் கிடைக்காமல்
கிழிசலோடு நடந்தே திரும்பிய சிப்பாய்களைத்தான்
ஊர் முதலில் அப்படி அழைத்ததாம்.
"நிச்சயமில்லை. படித்தவர்கள் இன்னும் அடிபடுகிறார்கள்.
போக்கிரிக்கு ஏதடா பிறப்புப் பத்திரம்?"

கார்த்திகையில் ஒரு வியாழன்
வேலைப் பரிசோதகர் வந்தார், தோளெல்லாம் மழை.
"பெயர்?"
நாக்கில் இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று தள்ளின.
தொட்டியடியிலிருந்து ஒப்துலியா கத்தினாள்:
"பிகாரோ! உள்ளிச் சட்டி எரியுது!"
"பிக்காரா?" பேனை நின்றது.
"நானும் பிக்கார்தான். எந்தப் பக்கம், அப்வீலா?"
காட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு, கொஞ்ச நேரம், மூக்கை.

சூப் மணத்தது.
"ஒரு கிண்ணம் கிடைக்குமா?"

குடித்து முடித்து எழும்பும்போது
மேசைச் சீனிக்கட்டியில் நாலை
கோட்டுப் பைக்குள் விட்டார்,
கண் சிமிட்டாமல், பழகிய கையால்.

ஒப்துலியா திரும்பிப் பார்க்கவில்லை.
உதட்டில் மட்டும் அந்தச் சொல் அசைந்தது.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
உள்ளிச் சட்டி
உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தது.