முன்னூறு மீற்றர்

கவராயத்துக்கு எல்லாம் லேசு.
கூட்டின் மேல் ஊசியைக் குத்து,
முன்னூறு மீற்றர் விரி,
ஒரு சுற்று.
உள்ளே ஒருவரும் போகக் கூடாது.
வெளியே இன்னொரு வட்டம்:
போகலாம், மரம் தறிக்கக் கூடாது.
கச்சேரி மேல்மாடி மின்விசிறிக்கு
வட்டங்கள் பறந்துவிடாமல்
தேநீர்க் கோப்பையைப் பாரம் வைத்திருந்தோம்.

மயிலிட்டிக்குக் கிழக்கே போய் இறங்கினால்
வட்டத்தின் நட்டநடுவில் ஒரு வீடு.
கூரை இல்லை, கதவு இல்லை,
கதவு நிலையையும் யாரோ கழற்றிவிட்டார்கள்.
அடுப்படிச் சுவரைப் பிளந்துகொண்டு
ஓர் ஆல்.
உச்சிக் கவரில் கட்டிலளவு சுள்ளி.
வெண்வயிற்றுக் கடற்கழுகு, சோடி.
அம்மி கிடந்திருக்கக்கூடிய இடத்தில்
கடற்பாம்பின் முள்ளந்தண்டு,
ஓரா மீனின் தலை,
சுண்ணாம்பாய் எச்சம்.

படிவத்தை நிரப்பினேன்.
குஞ்சு: ஒன்று. வயது: ஐந்து கிழமை.
மனிதத் தொந்தரவு: இல்லை.
எழுதி முடிக்கும்வரை
என் தலைக்கு மேலே
தாய் கத்திக்கொண்டே சுற்றியது.

ஒழுங்கைக்குத் திரும்பி வந்தபோது
யோக்கின்பிள்ளை நின்றார்,
சைக்கிள் கரியரில்
பொலித்தீனில் சுற்றிய காணி உறுதியோடு.
"வேலி எதுவரைக்கும் வருது, பிள்ளை?"
வேலி இல்லை ஐயா, கோடு மட்டும்.
"ஆமிக்காரரும் முதலிலை கோடுதான் கீறினவை.
இருபத்தேழு வருசம் அங்காலை நிண்டு
எட்டி எட்டிப் பாத்தனான்.
இப்ப பருந்துக்காக இன்னொருக்கா நிக்கவோ?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை:
இந்த ஆலை வளர்த்தது அந்த முட்கம்பிதான்.
மண்டையோட்டுப் பலகைக்குப் பயந்து
ஆள் நடமாடாத மண்ணில்தான்
இவை கூடு கட்டத் துணிந்தன.
அறிக்கையில் இதை
எந்தத் தலைப்பின் கீழே போடுவது?

இன்னொன்றும் தெரியும்.
வட்டத்துக்குள் அது தூங்கத்தான் செய்கிறது.
சாப்பாடு முழுக்க வெளியே:
தொண்டைமானாற்று நீரில்,
துறைமுகத்துக் கழிவில்,
இரவில் இழுவைமடி அரித்துப்போன கடலில்.
அந்தக் கடலைச் சுற்றிக் கீற
என்னிடம் கவராயம் இல்லை.

அவர் அண்ணாந்து பார்த்தார்.
"உதுவே? உதை எனக்குத் தெரியும்.
என்ரை வலையிலை சூடை களவெடுக்கிற ஆள்."
செருப்பைக் கழற்றி ஒழுங்கையில் விட்டு
மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்,
வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை.
நூற்றிருபதைத் தாண்டியதும்
கழுகு கூட்டின் விளிம்பில் எழுந்து நின்றது.
அவரும் நின்றார்.
ஐந்து அடி பின்னால் வந்தார்.
அது அமர்ந்தது.
காலடியில் கிடந்த உடைந்த ஓட்டை எடுத்து
அங்கே நட்டார்.

பிறகு தெற்கிலிருந்து, பனங்கூடலுக்குள்ளால்.
பிறகு கடற்பக்கமிருந்து:
அங்கே அது நாற்பது அடிவரை விட்டது.
படகுகளைப் பார்த்துப் பழகிய கண்.
பின்னேரம் ஓடுகளைச் சேர்த்துக் கீறியபோது
வட்டம் வரவில்லை.
சூப்பி எறிந்த பனங்கொட்டை மாதிரி
ஒரு பக்கம் நசிந்த ஒன்று வந்தது.
கிணறு அதற்கு வெளியே நின்றது.
அடுப்படி உள்ளே.

"கிணத்தை இப்ப இறைக்கிறன்," என்றார்.
"குஞ்சு எப்ப பறக்கும்?"
பங்குனிக் கடைசியில்.
மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
சைக்கிளின் காற்றை அமத்திப் பார்த்தார்.

சம்மதப் படிவத்தில்
உரிமையாளர் குறிப்பு என்ற இடத்தில்
அவர் எழுதியது இரண்டே சொல்:
சித்திரை மட்டும்.
இங்கே அதற்கு, சித்திரை வரைக்கும் என்று பொருள்.
கொழும்பில் மொழிபெயர்ப்பவர்
சித்திரையில் மாத்திரம் என்று வாசிக்கக்கூடும்.
பேனை என் கையில்தான் இருந்தது.
இன்னும் இருக்கிறது.