முப்பத்தொரு முடிச்சு

பதினேழு வருஷமாய்க் காற்றை எழுதுகிறேன்,
புந்தா அரேனாஸ் விமான நிலையத்தில்,
மணிக்கொரு தரம்: திசை, வேகம், வீச்சு.
எங்கள் மொழியில் காற்றின் அளவுக்கும்
கயிற்றில் போடுவதற்கும் ஒரே சொல், முடிச்சு.
மேற்கிலிருந்து முப்பத்தொரு முடிச்சு என்று எழுதுவேன்.
ஒன்றைக்கூட விரலால் தொட்டதில்லை.

நூலகத்தில் பட்டம் கட்ட ஒரே புத்தகம்,
ஊறுகாய்க்கும் தேனீ வளர்ப்புக்கும் நடுவே.
கடைசி முத்திரை தொண்ணூற்று நான்கு, மார்ச்.
ஸ்பெயினில் அச்சானது. எடுத்த எடுப்பில்,
'வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாணல் புதரில்
முற்றியதாய் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள்' என்கிறது.
என் வீட்டுக்குப் பின்னால் இருப்பது மகெல்லன் நீரிணை.
'காற்று வரவில்லையா? பொறுமை வேண்டும்'
என்கிறது அடுத்த பக்கம்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
நூலகர் புரூனா நிமிர்ந்து பார்த்தாள்.
படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.
ஜன்னலுக்கு வெளியே ஒருவர்
விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி
தொப்பி போன திசையைப் பார்த்து நின்றார்.

நாற்பத்தோராம் பக்கத்து ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
'இங்கே வால் மூன்று மடங்கு.
நடுவில் ஓட்டை போடு. பயப்படாதே.'
பெயரில்லை.

சந்தியாகோவிலிருந்து வந்த மெல்லிய தாள்,
ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.
கடைக்காரர் சுருட்டி ரப்பர் மாட்டித் தந்தார்.
தெருமுனை திரும்பியதும் ரப்பர் மட்டும் கையில்.
சிவப்பு மின்கம்பிக்கு மேலே ஏறி,
தபால் நிலையத்தின் மேல் ஒரு நொடி யோசித்து,
கல்லறைத் தோட்டத்துச் சைப்ரஸ் மரங்களைத் தாண்டிற்று.
முதுகெலும்பு கிடையாது, வால் கிடையாது, நூல் கிடையாது.
நான் விட்ட முதல் பட்டம் அதுதான் என்று
வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.
வெள்ளையைப் பற்றித் தகவல் இல்லை.

பறப்பது எது என்று தேடுவதை விட்டேன்.
பறந்தும் கிழியாதது எது?
பக்கத்து வீட்டு யெர்கோவின் கூடாரம்
போன கோடையில் மலையில் மடிந்தது.
அதன் துணி, அதன் கண்ணாடியிழைக் கம்பிகள்.
நண்டுப் படகுக்காரர்களிடம் பின்னல் நூல்,
இருநூறு மீட்டர், கவிச்சி வாடையோடு.
வாலுக்கு, ஓடுபாதையோரம் கட்டியிருந்த
பழைய காற்றுப்பை, ஆரஞ்சும் வெள்ளையும்.
'கழிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி
நானே கையெழுத்தும் போட்டேன்.

ஓட்டையில்தான் கை நின்றுவிட்டது.
மூன்று இரவு உட்கார்ந்து தைத்த துணி.
கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்தேன்.
தேநீர் போட்டேன்.
பயப்படாதே என்று எழுதியவர் பயந்திருக்கிறார்,
இல்லாவிட்டால் அந்தச் சொல் அங்கே எதற்கு?
வெட்டினேன், உள்ளங்கை அகலம்.

ஞாயிறு. கடற்கரை. இருபத்திரண்டு முடிச்சு,
எங்கள் ஊர்க் கணக்கில் அமைதி.
கூடாரத்துக்குக் கடைசி மரியாதை செய்ய யெர்கோவும் வந்தான்.
முதல் தரம் மூக்கால் மண்ணைக் குத்தியது.
இரண்டாம் தரம் ஒரு நாயைத் துரத்தியது.
மூன்றாம் தரம் நான் விடவேயில்லை,
அதுவே பிடுங்கிக்கொண்டு போயிற்று.
'தானிட்சா, நூல்! நூல்!' என்று யாரோ கத்தினார்கள்.
ஓட்டை வழியே ஒரு கை வானம் தெரிந்தது,
மற்ற வானத்தைவிடக் கொஞ்சம் நீலமாய்.

நூல் கையுறையை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது.
திசை தெரிந்தது. வேகம் தெரிந்தது.
வீச்சு ஒவ்வொன்றும் தோள்பட்டைக்கு வந்து
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.
கடிகாரம் பார்க்க மறந்தேன்.
அந்த மணிக்குரிய கட்டத்தில்
வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்,
நாற்பத்தோராம் பக்கத்தில்
அந்தப் பென்சில் வரிக்குக் கீழே
'கையுறை, இரண்டு ஜோடி'
என்று சேர்த்துவிட்டு.
புரூனா பார்த்தாள்.
பார்க்காதவள்போல் முத்திரை குத்தினாள்.