எட்டான மூன்று

பர்கூர் சிப்காட், நாலாவது ஷெட்.
ஆறடிக் கறுப்புக் கல்லில் ரப்பர் ஒட்டி
எழுத்தை மட்டும் கத்தியால் உரிப்பது என் வேலை.
மீதியை மணல் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஆர்டரில் முதல் எழுத்து
கம்பத்தில் சக்கரத்தைக் கட்டிப்போட்ட மாதிரி.
நடுவில், மூன்று பல் வைத்த முள்கொத்து ஒன்று.
"யாரு முனிரத்னம் இது, மந்திரியா?"
"சினிமா டைரக்டராம். ரஷ்யாக்காரன்.
செத்து நாப்பது வருஷமாச்சு,
இப்பத்தான் கல்லுக்குக் காசு சேர்ந்திருக்கு."

யுலியன் ஒரேஷ்கின்.
சோற்று இடைவேளையில் போனில் தேடினேன்.

முதல் படம் அணைக்கட்டு பற்றி. பதக்கம் கொடுத்தார்கள்.
இரண்டாவதும் அணைக்கட்டுதான்,
ஆனால் தண்ணீரில் மூழ்கப்போகும் ஊரில்
ஒருத்தி அடுப்புக்கு வெள்ளையடிக்கிறாள்,
ஏழு நிமிடம்.
எதற்கு அடிக்கிறாள் என்று கமிட்டி எழுதிக் கேட்டது.
காலி செய்யப்போகிறவள் வேறென்ன செய்வாள் என்று
இவர் எழுதிப்போட்டார்.
அவ்வளவுதான்.
பத்தொன்பது வருடம் படம் அலமாரியில்.

பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம்
தொழிற்சாலைப் பாதுகாப்புப் படங்கள்.
கையுறை போடுவது எப்படி. ஏணியில் ஏறுவது எப்படி.
ஒன்று போனில் ஓடியது. பாஷை புரியவில்லை.
மூன்றே விரல் உள்ள கை
சட்டைக்குப் பொத்தான் போடுகிறது.
கேமரா அவசரப்படவே இல்லை.
அறுப்பு மிஷின் மாதையன்
இடது கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"இன்னொருக்கா போடு" என்றார்.

அன்று சாயங்காலம்தான் 1983-ஐ உரித்தேன்.
கரண்ட் போய்ப் போய் வந்தது.
மூன்றின் இடதுபக்கமும் கத்தியோடு வந்துவிட்டது.
மணல் அடித்துக் கழுவியபோது
1988.

கல்லுக்கு அழிப்பான் கிடையாது.
மானேஜர் கத்தினார். பாதிச் சம்பளம் போனது.
வேறு கல் அறுத்து, சரியான சாவோடு
சென்னைத் துறைமுகத்துக்கு லாரி ஏற்றினோம்.

பழைய கல்
ஷெட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் கிடக்கிறது.
அதன்மேல்தான் டிபன் பிரிக்கிறோம்.
ரசம் சிந்தினால் அந்த முள்கொத்துக்குள் தேங்கும்.

அலமாரியைத் திறந்தது எண்பத்தேழில்.
தியேட்டர் நிறைந்து வழிந்ததாம்.
ஆள் போய் நாலு வருடம்.

எங்கள் கல்லில் மட்டும்
அதற்கப்புறமும் ஒரு வருடம் மிச்சம் இருக்கிறது அவருக்கு.
டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில்
ஓவர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கலாம்
அவள் வெள்ளையடித்து முடிக்கும் வரை.