நிகர எடை

பதினோராவது முறையாக
அதே சங்கிலியை என் தராசில் வைக்கிறாள்
திருவேடகத்து ஜெனகம்.
இருபத்து நான்கு கிராம் முந்நூறு மில்லி.
முதல் தடவை இருபத்தைந்து இருந்தது.
மிச்சம் எங்கே என்று அவள் கேட்டதில்லை.
உரைகல்லில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம்
என்று நானும் சொன்னதில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளன் நான்.
சம்பளம் கிடையாது,
நகைக்கு இவ்வளவு என்று கமிஷன்.
ஊருக்கு முடை வந்தால்
என் வீட்டில் உலை கொதிக்கும்.

பேரேட்டில் கடன் நோக்கம் என்றொரு கட்டம் உண்டு.
அவள் கொடிக்காலை அதில் வருடவாரியாக வாசிக்கலாம்:
அகத்தி விதை, கொடி கட்டக் கோரை.
அடுத்து கிணற்றுக்குள் சைடு போர்.
அடுத்து நூற்றெண்பது அடி.
அடுத்து முந்நூற்று நாற்பது,
பிறகு அந்த ஆழத்துக்கு ஒரு மோட்டார்.
ஒரு வருடம் என் கையெழுத்தில்
'தண்ணீர்' என்று மட்டும் இருக்கிறது.
செயலாளர் அதை அடித்துவிட்டுப் 'பயிர்' என்று எழுதினார்.

வைகையில் பொக்லைன் இறங்கியதை
யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை.
முதலில் கரையோரத்துக்காரர்கள் வந்தார்கள்,
அப்புறம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்,
கடைசியில் ரயில் ரோட்டுக்கு வடக்கே இருப்பவர்கள்.
கிணறு வற்றிய வரிசையிலேயே
தோடுகள் வந்தன.

ஒரே ஒரு வருடம் அவள் மீட்க வந்தாள்.
எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்.
எண்ணிய கேஷியரின் விரலில் நறநறத்தது.
"ஆத்துக்கு எறங்கப் பாதை விட்டேன் சார்,
கொடிக்கால்ல பாதியத் தட்டி.
நடைக்கு எரநூறு.
ராத்திரிக்கு முப்பது வண்டி போகும்,
புளியங்கொட்டை போட்டு எண்ணிக்குவேன்.
வெத்தலைக் கமிஷன் கடைக்காரன்
என்னைக்கு இப்பிடி எண்ணிக் குடுத்தான்?"
தப்பு என்று சொல்ல
என்னிடம் கணக்கு இல்லை.
கவுளி விற்று வட்டி மட்டும் கட்டியவள்
அசலைக் கட்டிய ஒரே வருடம் அது.

அந்த வருடம்தான் விளாங்குடியில்
நான் வானம் தோண்டினேன்.
மூன்று லோடு.
"ரசீதெல்லாம் கேக்காதீங்க" என்றார் மேஸ்திரி.
விடியுமுன் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்,
தெருவெல்லாம் ஈரம் ஓடியிருந்தது.
சலிக்கையில் சல்லடையில் நின்றது
உயிருள்ள ஒரு மட்டி.
வாளித் தண்ணீரில் போட்டேன்.
இரண்டு நாள் இருந்தது.

லோடுக்கு நான் கொடுத்தது பதினெட்டாயிரம்.
மூன்று நடைக்கு ஜெனகத்தின் பங்கு அறுநூறு.
மிச்சத்தை எந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது?

"களிமண்ணு தட்டிருச்சு சார்,
வண்டி இப்ப மேக்க போகுது."
பாதை விட்ட இடம் தார்ரோடாய்க் கெட்டித்துக் கிடக்கிறதாம்,
மம்பட்டி போட்டால் தெறிக்கிறதாம்.
உழ வந்த டிராக்டர்காரன்
மணிக்கு நூறு கூட்டிக் கேட்கிறானாம்.
பிளாட் போடுகிறவர்கள் இரண்டு தரம் வந்து
சென்ட் என்ன விலை என்றார்களாம்.
கொடுத்தால் அங்கேயும் கல் நடுவார்கள்,
வானம் தோண்டுவார்கள்,
எங்கிருந்தோ மணல் இறக்குவார்கள்.

நோக்கக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
அடங்கல் நகலில் வெற்றிலை என்று இருக்கிறது.
வி.ஏ.ஓ. வயலுக்குப் போயிருக்க மாட்டார்.
நானும் வெற்றிலை என்றே எழுதுகிறேன்.
பயிர் என்றால்தான் வட்டி குறைவு.

டோக்கனை வாங்கி நகர்ந்தவள்
திரும்பி வந்து கேட்கிறாள்:
"வீடு முடிஞ்சிருச்சா சார்?"
"பூச்சு வேலை பாக்கி."
"ஆத்து மணலா, எம்-சாண்டா?"

குனிந்து
பையின் வாயைக் கட்டி அரக்கு வைக்கிறேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறேன்,
கொஞ்சம் சத்தமாகவே.